உப்பைத் தாங்கும் தொழிலாளிகள்



சித்திரை வெயிலில் மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சில பாத்திகளில் தண்ணீர் ரோஸ் கலராக இருக்கும். கோடை லீவில் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது பார்த்தேன். "ஏம்மா தண்ணி செவந்து கெடக்குது?" என்று கேட்டேன். "உப்பு ஏறிடுச்சுன்னு அர்த்தம். இனிமே பூக்கும்" என்று அம்மா சொன்னாங்க.

பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அந்த நிறமே உயிர்கள்தான் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "உப்புத்தண்ணியில எந்த உசுருடி தங்கும்?" என்று ஆயா சிரித்தாங்க. ஆயாவுக்காகவும் உங்களுக்காகவும் இந்தக் கட்டுரை.

ஆயா கேட்டது நியாயம்தான். மாங்காய்த் துண்டில் உப்பு போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது இல்லையா? கிருமிகளுக்கும் அதே கதிதான். உடம்பில் உள்ள தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடும். அதனால்தான் ஊறுகாயும் கருவாடும் சீக்கிரம் கெடுவதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு பூக்கும் பாத்தியில் அதைப்போலச் சுமார் எட்டு மடங்கு ஆகிவிடும். அதிலும் சில உயிர்கள் வாழ்கின்றன! டுனாலியெல்லா என்ற பாசியும், ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும்தான் தண்ணீரைச் சிவக்க வைக்கின்றன. உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்களும் கூடவே இருக்கின்றன.

எப்படித் தாங்குகின்றன? பல பாக்டீரியாக்கள் எக்டோயின் என்ற பொருளைத் தயாரித்துத் தம் உடம்புக்குள் நிரப்பிக்கொள்கின்றன. அது உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும். ஒரு கவசம் மாதிரி. எகிப்து நாட்டு உப்பு ஏரியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவில் 1985-ஆம் ஆண்டு ஜெர்மனி விஞ்ஞானி காலின்ஸ்கியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இதனால் நமக்கு என்ன லாபம்? சொல்கிறேன். இன்று பல பொருள்களைத் தொழிற்சாலையில் பாக்டீரியாக்கள்தான் செய்து தருகின்றன. சர்க்கரை நோயாளிகள் போடும் இன்சுலினை ஈ-கோலை என்ற பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்தார்கள். அது 1982-லேயே விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஆனால் தொட்டிக்குள் பாக்டீரியா படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. சூடு, புளிப்பு, காற்றுக் குறைவு. சில சமயம் தான் செய்த பொருளே தனக்கு விஷமாகும். இது போதாதென்று வேறு கிருமி ஒன்று விழுந்துவிட்டால் கெட்டுப்போன மாவு மாதிரி எல்லாம் வீண். அதற்காகத் தொட்டியை 121 டிகிரி நீராவியில் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு எரிபொருள் செலவு அதிகம்.

ஆகவே விஞ்ஞானிகள் இரண்டு வழிகளில் போனார்கள்.

முதல் வழி, வேலை தெரிந்தவனுக்குக் கவசம் கொடுப்பது. எக்டோயின் செய்யும் ஜீன்களை உப்பு பாக்டீரியாவிலிருந்து எடுத்து ஈ-கோலைக்குள் வைத்தார்கள். 1997-ல் வந்த ஆராய்ச்சியில், உப்பு கூடியபோது ஈ-கோலையும் எக்டோயின் செய்தது.

இரண்டாவது வழி, கவசம் உள்ளவனுக்கு வேலை கற்றுக்கொடுப்பது. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் குவோ-சியாங் சென் குழுவினர் ஓர் உப்பு ஏரியில் கிடைத்த ஹாலோமோனாஸ் பாக்டீரியாவை வளர்த்தார்கள். அது மக்கிப்போகும் பிளாஸ்டிக்கைத் தன் உடம்பில் கொழுப்பு மாதிரி சேர்த்து வைக்கும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டு, நீராவிச் சுத்தம் செய்யாமலே, 14 நாள் விடாமல் தொட்டியை ஓட்டினார்கள். இது 2011-ல் வெளிவந்தது. உப்பே காவல்காரன் ஆகி மற்ற கிருமிகளை விரட்டிவிட்டது! பிறகு ஜீன்களை மாற்றி, அதன் உடம்பை நீளமாக வளரச் செய்தார்கள். நீண்ட உடம்பில் அதிக பிளாஸ்டிக் சேர்ந்தது. நம் நாட்டிலும் குஜராத் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தார், காட்டாமணக்கு டீசல் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவைக் கொடுத்து, ஹாலோமோனாஸ் வகை ஒன்றிடம் இந்தப் பிளாஸ்டிக்கை வாங்கியிருக்கிறார்கள். அதில் ஜீனை மாற்றவில்லை. இயற்கையாகக் கிடைத்ததே வேலை செய்தது.

இதில் என் மனதில் பதிந்த விஷயம் ஒன்று உண்டு. கவசம் இலவசம் இல்லை. எக்டோயின் செய்யவும் சாப்பாடு வேண்டும், பலம் வேண்டும். தாங்குவதிலேயே பலம் தீர்ந்துபோனால் வேலைக்கு மிச்சம் இருக்காது. அதனால் எவ்வளவு உப்பு, எவ்வளவு தீனி, எவ்வளவு சூடு என்று விஞ்ஞானிகள் அளந்து அளந்து பார்க்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. விடியற்காலையில் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிற அம்மாவின் கால் முழுக்க வெடிப்பு. கண் எரிகிறது என்பாங்க. ஐப்பசி மழை வந்தால் வேலையே இல்லை. மனித உடம்பு எக்டோயின் செய்யாது. நமக்குக் கவசம் என்றால் ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, குடிதண்ணீர், ஒதுங்க ஒரு நிழல். இதற்கு ஜீனை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. எக்டோயினை இப்போது வறண்ட தோலுக்குப் பூசும் கிரீம்களில் சேர்க்கிறார்கள். அதைச் சொன்னதும் அம்மா தன் காலைப் பார்த்துச் சிரித்தாங்க. "அளத்துல இருக்கறது அளத்துக்காரிக்குக் கெடைக்குமாடி?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் காலில் தடவிவிட்டேன்.

ஆயா மட்டும் இன்னும் நம்பவில்லை. அடுத்த கோடையில் ஆயாவையும் அளத்துக்கு அழைத்துப்போய் ரோஸ் தண்ணீரைக் காட்டப்போகிறேன். நீங்களும் வாங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, இடையஞ்சாவடி