726 கேமராக்களில் 8

கேரளத்தில் 2022இல் 43,910 சாலை விபத்துகள் நடந்தன. 4,317 பேர் இறந்தனர். 2023 ஜூன் 5 முதல் ‘ஏஐ கேமரா’ பதிவுகளுக்கு அபராதம் வசூலிக்கப்பட்டது. அந்த ஆண்டு இறந்தவர்கள் 4,080 பேர். விபத்துகளோ 48,000-ஐத் தாண்டின.

சாவு குறைந்தது, மோதல் கூடியது. கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் நிறுவிய 726 கேமராக்களில் 675, ஹெல்மெட், சீட் பெல்ட், கைபேசிப் பேச்சு ஆகியவற்றைக் கண்காணிப்பவை. வேகத்தை அளப்பவை 8: நான்கு நிலையானவை, நான்கு வாகனத்தில் பொருத்தப்பட்டவை. ஹெல்மெட் மண்டையைக் காக்கும். மோதலைத் தடுக்காது.

இந்தியாவில் 2022இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 71 சதவீதத்தினரின் சாவுக்கு மிகை வேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 60 கி.மீ.யிலிருந்து 80 ஆனால் ஆற்றல் 78 சதவீதம் அதிகம்.

வேகக் கேமரா பயன் தருமா? 35 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2010ஆம் ஆண்டு மதிப்பாய்வின்படி, கேமரா அருகே உயிரிழப்பு, படுகாய விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்தன. இதில் ஒரு பகுதி ‘சராசரிக்குத் திரும்பல்’ ஆகவும் இருக்கலாம்: விபத்து திடீரெனக் கூடிய இடத்தில், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை இறங்குவது இயல்பு.

இன்னொரு வரம்பு தொலைவு. பிரிட்டன் கேமராக்களைப் பற்றிய 2017 ஆய்வில் பலன் பெரும்பாலும் 500 மீட்டருக்குள் அடங்கியது, 1.5 கி.மீ.க்கு அப்பால் விபத்துகள் மீண்டும் கூடும் அறிகுறி தெரிந்தது. இரு முனைகளுக்கிடையே சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் இந்த ஓட்டையை அடைக்கின்றன. பிரிட்டனில் 2016இல் வெளியான ஆய்வில், அவை உள்ள சாலைகளில் உயிரிழப்பு, படுகாய விபத்துகள் 36 சதவீதம் குறைந்திருந்தன.

கேரளத்தில் நெடுமங்காட்டிலிருந்து விதுரா, கல்லாறு வழியாகப் பொன்முடி மலை ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கேமரா சட்ட வரம்பை மட்டுமே அறியும். ஈரமான வளைவில் வரம்புக்குட்பட்ட வேகமும் மிகையாகலாம். அதற்கு அபராத நோட்டீஸ் வராது.

வளைவுகளுக்கு முந்தைய நேர்ச்சாலையில் ஒற்றைக் கேமரா வைத்தாலும் அதன் பிடி ஏறத்தாழ 500 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 23 வினாடிகள் போதும்.