டயரின் ஆயுள்

மாணவர்களே! காம்பார் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வைகறையில் சீவிச் சேர்த்த பால், உலகின் பல சாலைகளில் டயராக உருண்டது. இரப்பருடன் கந்தகமும் கரிப்பொடியும் கலந்து சூடேற்றினால்தான் டயருக்குரிய உறுதி கிட்டும்.

ஆயினும், எல்லா டயர்களும் ஒரே அளவு உழைப்பதில்லை. சாதாரணக் காரின் டயர் 40,000 கிலோமீட்டருக்கு மேலும் ஓடக்கூடும். விரைந்தோடும் ஸ்போர்ட்ஸ் காரின் டயரோ, பெரும்பாலும் அதில் பாதித் தொலைவிலேயே தேய்ந்துவிடும். காரணம் யாது? வளைவில் வழுக்காமல் சாலையைப் பற்றுவதற்காக அதனை மென்மையான இரப்பரால் செய்கின்றனர். பிடிப்பு மிகுந்தால் தேய்மானமும் மிகும். 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் நடைபெற்ற ஃபார்முலா ஒன் பந்தயங்களில், ஏறத்தாழ 310 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள்ளேயே பெரும்பாலும் டயர்களை மாற்றினர்.

பெற்றோர்களே! ஓடாத டயரும் வெயிலாலும் வெப்பத்தாலும் முதுமையடையும். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைக் காண்க. 3223 எனில், 2023ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டதாகும். காரின் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டம் அனுமதிக்காது. மழைநீர் விலகாமல் வண்டி வழுக்கும். பழைய டயரால் மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் உயிருக்கு ஈடாகுமா?