எஞ்சினுக்கும் வேண்டும் கணகணப்பு

மண்ணெண்ணெயில் ஓடும் படகு மோட்டாரை யாரும் மண்ணெண்ணெயில் முடுக்குவதில்லை. பெற்றோலில் முடுக்கி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, ஆவியாகாதது சரியாக எரியாது. மட்டக்களப்பில் கல்லடியிலோ நாவலடியிலோ கடலுக்குப் போகிறவர்களுக்கு இது பாலபாடம். ஆனால் மோட்டார் கொதித்து அலாரம் அடித்துவிட்டால், அவர்களிலேயே சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "அது இல்லாமலும் ஓடும்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் நாள் முழுக்கக் குளிர்ந்தபடியே ஓடும்.

அவுட்போட் மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. சுழல் விசிறிக்கு மேலே, காலுக்குள் இருக்கும் இம்பெலர் என்ற ரப்பர் சிறகுச் சக்கரம் வெளித்தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றிவந்து வெளியே போய்விடும். புளியந்தீவைச் சூழ்ந்த வாவியில் தண்ணீர் 30 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும். வெடிப்பு நடக்கிற எஞ்சினுக்கு அது குளிர்தான். அது தடையில்லாமல் பாய்ந்தால் மெதுவாக ஓடும் மோட்டார் சூடேறவே மாட்டாது.

அதைத் தடுக்கிற வாயில்தான் தெர்மோஸ்டாட். சிறிய உலோகக் குப்பிக்குள் மெழுகு அடைத்திருக்கும். குறித்த வெப்பத்தில் மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும், வாயில் திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும், சுருள்வில் வாயிலை மூடும். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. சேர்ஜியஸ் வெர்னெட் என்பவர் 1930களில் அமெரிக்காவில் உருவாக்கிய இந்த ஏற்பாடு இன்றும் பெரிதாக மாறவில்லை.

கார் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 80 பாகைக்கு மேல்தான் திறக்கும். வெளித்தண்ணீரில் குளிரும் அவுட்போட்டில் பொதுவாக 50 முதல் 60 பாகைக்குள் திறந்துவிடும். காரணம் உப்பு. கடல்நீர் சூடேறச் சூடேற அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் பிரிந்து குழாய்ச் சுவரில் படியும். ஆகவே அளவு பொருந்துகிறதென்று கார்ச் சாமானைப் பொருத்துவது எஞ்சினுக்குள் சுண்ணாம்பு பூசுகிற வேலை.

நம் வாவி இந்தச் சிறு வாயிலுக்குச் சோதனைக் களம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவி பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. மாரி வெள்ளத்தில் தண்ணீர் நன்னீரை நெருங்கும், கோடையில் கரிக்கும். புளியந்தீவில் புறப்பட்டு முகத்துவாரம் தாண்டுகிற மோட்டார் ஒரே பயணத்தில் சேற்றையும், உவர்நீரையும், கடல்நீரையும் குடித்துவிடுகிறது. உப்பும் சேறும் சேர்ந்து வாயிலைத் திறந்தபடியோ மூடியபடியோ இறுக்கிவிடும்.

மூடியபடி இறுகினால் மோட்டாரே சத்தம் போட்டுச் சொல்லும். அலாரம் அடிக்கும், புதிய மோட்டார்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். பின்பக்கம் தண்ணீர் பீச்சுகிறதே என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். பல மோட்டார்களில் அந்தத் தண்ணீர் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்துவருவது. இம்பெலர் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

திறந்தபடி இறுகுவதுதான் கள்ள நோய். அலாரம் இல்லை, புகார் இல்லை. எரியாத எரிபொருள் பிளக்கைக் கறுப்பாக்கும், கரி படியும், எண்ணெய்ச் செலவு ஏறும். நான்கு வீச்சு எஞ்சினில் பெற்றோல் கசிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் குறையாமல் கூடுகிறதென்றால், முகர்ந்தால் பெற்றோல் மணக்கிறதென்றால், தெர்மோஸ்டாட்டையும் சந்தேகிக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த மோட்டாருக்கும் இதே கதிதான். வலைகளுக்கு இடையே, ஆழமில்லாத இடங்களில், மணிக்கணக்காக மெல்ல ஓடும் வாவிப் படகுகளுக்கு இது இன்னும் கூடுதல் கேடு.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. மோட்டார் ஆறியபின் சிலிண்டர் தலையில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் அங்கே உட்கார்ந்திருக்கும். (மிகச் சிறிய மோட்டார் சிலவற்றில் இது இராது.) கஷ்டமெல்லாம் போல்ட்டுகளில்தான். அலுமினியத் துளைக்குள் உருக்குப் போல்ட், நடுவே உப்புத்தண்ணீர்: இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள். முதலில் சற்றே இறுக்கிப் பார்த்துப் பிறகு தளர்த்துங்கள். இங்கே பலம் காட்டுகிறவர் போல்ட்டை முறித்துக்கொள்வார். முறிந்த போல்ட்டைத் துளைத்தெடுக்கிற கூலி தெர்மோஸ்டாட் விலையை விழுங்கிவிடும்.

கழற்றியதைச் சோதிக்க அடுப்பங்கரை போதும். தண்ணீர்ச் சட்டியில் அடியைத் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்துச் சூடாக்குங்கள். குளிரில் மூடியும், அதன்மேல் பொறித்த பாகையை ஒட்டித் திறந்தும், ஆறினால் மறுபடி மூடியும் இருந்தால் அது நல்லது, குற்றம் வேறெங்கோ. இல்லையென்றால் மோட்டாரின் மொடல் எண்ணைச் சொல்லிப் புதியது வாங்குங்கள், கேஸ்கட்டும் சேர்த்து. உட்காரும் இடத்து உப்பைச் சுரண்டி, மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்க்க வைத்து, போல்ட் மரைக்குக் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள்.

கரைக்கு வந்ததும் நன்னீர்ப் பீப்பாயில் மோட்டாரை ஓட்டிக் கழுவுவது பலருக்கு வழக்கம். அரை நிமிடம் ஓட்டி நிறுத்தினால் தெர்மோஸ்டாட் திறந்திருக்காது, அதற்கு அப்பால் நன்னீர் சரியாகப் போயிருக்காது. தொட்டால் தெர்மோஸ்டாட் மூடி சுடுகிற வரையாவது ஓட்டுங்கள்.