பழைய மோட்டார் சைக்கிளின் மின்கோளாறுகளைக் கண்டறியும் முறை

கேரளத்தின் தென்கோடியில், அரபிக்கடலுக்கு அண்மையில் அமைந்துள்ள ஊர் காஞ்சிரங்குளம். அதற்குக் கிழக்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வரையிலும் உள்ள எல்லைக் கிராமங்கள், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் நனைபவை. கரையோரக் காற்றில் ஈரத்துடன் உப்பும் கலந்திருக்கிறது. இத்தகைய பகுதியில் பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டு ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இஞ்சினைக் காட்டிலும் மின்சாரமே மிகுதியாகத் தொல்லை தருவதுண்டு. மழைநாளின் இரவில் முகப்பு விளக்கு மங்குகிறது. மேடேறும்போது இஞ்சின் நின்றுவிடுகிறது. மறுநாட் காலையில் ஒன்றுமே நடவாததுபோல வண்டி கிளம்புகிறது.

இவ்வாறு நேரும்பொழுது பழி பெரும்பாலும் பாட்டரியின்மீதோ, காயிலின்மீதோ விழுகிறது. புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. சில நாட்கள் நலமாக ஓடுகிறது. பின்னர் அதே கோளாறு திரும்பி வருகிறது. பொருட்செலவு ஒருபுறமிருக்க, வளைவில் திரும்பும் வேளையில் விளக்கு அணைந்தால் உயிருக்கே ஊறு நேரக்கூடும். ஆகவே, எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கேட்பதற்கு முன்னர், மின்னோட்டம் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று கேட்பதே முறையாகும். பழைய வண்டிகளில் பாகங்கள் கெடுவதைவிட, பாகங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புகள் கெடுவதே மிகுதி.

வண்டிகளும் அவற்றின் மின்னமைப்பும்

1955ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அங்கு உருவான புல்லட் வண்டிகள் தென்னாடெங்கும் பரவின. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவா, எஸ்டி வண்டிகளைச் செய்தளித்தது. இவற்றுள் முற்காலத்தவை 6 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கின. பிற்காலத்தில் 12 வோல்ட் முறை வந்தது.

இவ்வண்டிகளின் மின்னமைப்பு எளியது. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து மின்னோட்டம் சாவி, சுவிட்சு, கம்பி ஆகியவற்றின் வழியே விளக்கை அடைகிறது. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி பெரும்பாலும் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பும் வழியாகிறது. பட்டறைகளில் இதனை ‘எர்த்’ என்பர். போகும் வழியைச் சோதிப்பவர் பலர். திரும்பும் வழியைச் சோதிப்பவர் சிலரே. துருவும் வண்ணப்பூச்சும் சேர்ந்து இந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடுவது பழைய வண்டிகளில் அடிக்கடி நிகழ்வதாகும்.

சிறு தடை, பெரு நட்டம்

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி பள்ளி மாணவரும் அறிந்ததே. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 6 வோல்ட்டில் எரியும் 30 வாட் விளக்கை எடுத்துக்கொள்வோம். அதில் 5 ஆம்பியர் ஓடுகிறது. எரியும்போது அதன் தடை 1.2 ஓம். துருப்பிடித்த ஓர் இணைப்பு வெறும் 0.2 ஓம் தடையைச் சேர்ப்பதாகக் கொள்க. மொத்தத் தடை 1.4 ஓம் ஆகிறது. விளக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5.1 வோல்ட் மட்டுமே. மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் இழைவிளக்கின் ஒளி பெரிதும் குறையும் இயல்புடையது. எனவே ஒளி ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடுகிறது.

அதே 0.2 ஓம் தடை 12 வோல்ட் வண்டியில், அதே 30 வாட் விளக்கின் பாதையில் இருந்தால், விளக்குக்கு 11.5 வோல்ட் கிடைக்கும். எட்டில் ஒரு பங்கு ஒளியே குறையும். 6 வோல்ட் வண்டிகளின் விளக்கு மங்கலென்று பெயரெடுத்ததற்கு இஃது ஒரு முக்கிய காரணம். அவ்வண்டிகளில் ஒவ்வோர் இணைப்பும் பளிச்சென்று இருத்தல் வேண்டும்.

வோல்ட்மானி ஏமாற்றும் இடம்

இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் எண்காட்டும் மல்டிமீட்டர் பயனுள்ள கருவியே. ஆயினும் அது மிகமிகச் சிறிய மின்னோட்டத்தையே இழுத்துக்கொள்கிறது. விளக்கைக் கழற்றிவிட்டு அதன் கம்பிமுனையில் மானியை வைத்தால், முக்காலும் துருவேறிய இணைப்பின் வழியாகவும் அது 6 வோல்ட் என்றே காட்டும். பார்ப்பவர் கம்பி நன்றாயிருக்கிறது, பழுது வேறெங்கோ என்று முடிவு செய்துவிடுவர். குழாயில் நீர் சொட்டும்போது அடைப்புத் தெரிவதில்லை. முழுதும் திறந்தால்தான் தெரியும். மின்பாதையும் அத்தகையதே.

ஆதலால் சோதனையை விளக்கு எரியும் நிலையிலேயே செய்தல் வேண்டும். பழைய மெக்கானிக்குகள் கையில் வைத்திருந்த சோதனை பல்பு தானே மின்னோட்டத்தை இழுப்பதால் இத்தகைய மறைந்த தடையை எளிதில் காட்டிவிடும். ஆனால் மின்னணுப் பற்றவைப்பு உள்ள பிற்கால வண்டிகளில் அப்பல்பைக் கண்டபடி பயன்படுத்துதல் கூடாது, உள்ளுறுப்புகள் கெடக்கூடும்.

சோதனையின் ஒழுங்கு

முதலாவதாக, எவையெவை சேர்ந்து பழுதாகின்றன என்று நோக்குக. விளக்கும் ஹாரனும் பற்றவைப்பும் ஒருங்கே நின்றால், பழுது அவற்றிற்குப் பொதுவான பாதையில், அதாவது பாட்டரி முனை, பியூஸ், சாவி, எர்த் ஆகியவற்றுள் ஒன்றில் இருக்கும். ஒன்று மட்டும் நின்றால் அதன் கிளைப்பாதையை மட்டும் ஆராய்தல் போதும். பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு மங்கினால், பின்புறத்து எர்த் கெட்டுள்ளது எனக் கருதலாம்.

இரண்டாவதாக, பாட்டரியைச் சோதிக்க. நன்கு மின்னேற்றப்பட்ட 6 வோல்ட் பாட்டரி ஓய்வில் 6.3 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட் பாட்டரி 12.6 அளவு காட்டும். பின்னர் முகப்பு விளக்கை எரியவிட்டு மீண்டும் பார்க்க. அழுத்தம் சற்றே இறங்கி நிலைத்தால் பாட்டரி நலம். விரைந்து சரிந்துகொண்டே போனால் பாட்டரி தளர்ந்தது.

மூன்றாவதாக, விளக்கு எரியும்போதே மானியின் ஒரு கம்பியைப் பாட்டரியின் உயிர்முனையிலும் மற்றதை விளக்கின் நடுத்தொடர்பிலும் வைக்க. மானி காட்டும் அளவே வழியில் இழக்கப்படும் அழுத்தம். அடுத்து, ஒரு கம்பியைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை விளக்கின் உலோகக் கூட்டிலும் வைக்க. இது திரும்பும் வழியின் இழப்பு. ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருத்தலாகாது. இழப்பு மிகுந்த பகுதியை இரண்டாகப் பகுத்து, பின் அதையும் பகுத்து நெருங்கினால், பழுதுள்ள இணைப்பு ஐந்தாறு அளவுகளில் அகப்பட்டுவிடும்.

நான்காவதாக, கைப்பிடியை இடமும் வலமும் திருப்பிப் பார்க்க. கைப்பிடி திரும்புமிடத்தில் மடங்கி மடங்கி, மேலுறை அறுபடாமலே உள்ளிருக்கும் செப்பிழைகள் முறிந்துபோவதுண்டு. ஒற்றைச் சிலிண்டர் இஞ்சினின் அதிர்வும் இதற்குத் துணைசெய்கிறது. பழைய புல்லட்டில் முகப்பு விளக்குக் கூட்டின்மேல் அமைந்த ஆம்பியர்மானியின் திருகுகளும் இவ்வதிர்வால் தளரக்கூடும். அவற்றையும் பார்த்தல் நன்று.

தீப்பொறி இல்லையேல்

பழைய வண்டிகளின் பற்றவைப்பில் ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகள் முதன்மையானவை. அவை மூடியிருக்கும்போது காயிலின் முதற்சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது. திறக்கும் கணத்தில் காந்தப்புலம் குலைந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கில் பொறியாகிறது.

முனைகள் மூடியிருக்க, சாவி திறந்திருக்க, முனைகளின் இருபுறமும் மானியை வைத்தால் ஏறத்தாழ சுழி காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் முனைகள் கரிந்தோ எண்ணெய் படிந்தோ உள்ளன என்பது பொருள். முனைகள் திறந்தபோது பாட்டரியின் முழு அழுத்தமும் காட்ட வேண்டும். காட்டாவிடில் காயிலுக்கு வரும் கம்பி அற்றிருக்கிறது, அல்லது முனைப்பக்கத்துக் கம்பியோ கண்டன்சரோ சட்டத்தைத் தொடுகிறது. முனைகளுக்கிடையே பெரிய நீலப்பொறி பறந்து, பிளக்கில் பொறி மெலிந்திருந்தால் கண்டன்சரை ஐயுறுக. வண்டி குளிர்ந்திருக்கையில் ஓடி, சூடேறியபின் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால், காயிலையும் கண்டன்சரையும் சூடான நிலையிலேயே சோதித்தல் வேண்டும். குளிர்ந்தபின் இரண்டும் நல்லவையாகவே தோன்றும்.

இஞ்சின் நிற்கும்போது சாவியை நெடுநேரம் திறந்து வைத்தல் கூடாது. முனைகள் மூடிய நிலையிலிருந்தால் காயில் வீணே சூடேறிக் கெடும். பிளக் கம்பியைக் கையில் பிடித்துப் பார்ப்பதும் தவறு.

மின்னேற்றமும் கசிவும்

வண்டியை மிதமான வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் அளக்க. 6 வோல்ட் வண்டியில் 7 வோல்ட் அளவும், 12 வோல்ட் வண்டியில் 14 வோல்ட் அளவும் காட்டினால் மின்னேற்றம் சரி. உயராவிடில் ஆல்டர்னேட்டர் கம்பிகளையும் ரெக்டிஃபையரையும் பார்க்க வேண்டும்.

இரவில் நின்ற வண்டியின் பாட்டரி காலையில் வெறுமையாயிருந்தால், எல்லாச் சுவிட்சுகளையும் மூடி, எர்த் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைக்க. பல்பு சிறிதேனும் ஒளிர்ந்தால் எங்கோ கசிவு உள்ளது. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகையில் எப்போது பல்பு அணைகிறதோ அப்போது கழற்றிய கம்பியின் வழியில்தான் கசிவு. ஒளிராவிடில், அதே இடத்தில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தால் மிகச் சிறிய கசிவும் தெரியும்.

ஓர் எச்சரிக்கை: பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டது. பாட்டரியை மாற்றுமுன் எம்முனை சட்டத்தோடு சேர்ந்துள்ளது என்று பார்த்துக்கொள்க. முனைகள் மாறினால் ரெக்டிஃபையர் நொடியில் எரிந்துபோகும்.

உப்புக்காற்றுக்கு ஏற்ற காப்பு

கடலோர ஊர்களில் செய்யத்தக்கவை சில உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் எர்த் இணைப்புகளைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கமாகத் திருகி, அதன்பின் மேலே வாசலைன் பூசுக. வாசலைன் இணைப்பைக் காக்கும் போர்வையேயன்றி, தேய்க்காத துருவுக்கு மருந்தாகாது. இஞ்சினிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்குத் தடித்த கம்பி ஒன்றைத் தனியே இட்டால், சட்டத்தின் துருவை நம்பியிருக்க வேண்டியதில்லை. முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இணைப்புகளில் நீர் தேங்கும். அவற்றை நீக்கி, ஈயப்பற்று வைத்தோ, முனைக்குப்பி பொருத்தியோ இணைக்க. பாட்டரிக்கு அருகில் பியூஸ் இல்லாத வண்டியில் ஒன்றைப் பொருத்துதல் இன்றியமையாதது. எர்த்தில் உரசிய ஒரு கம்பி முழுக் கம்பிக்கட்டையும் எரித்துவிட வல்லது.

வகுப்பறையில் ஒரு சோதனை

இக்கருத்தை மாணவருக்கு விளக்க மோட்டார் சைக்கிள் தேவையில்லை. இரண்டு டார்ச்சுச் செல்கள், ஒரு டார்ச்சு பல்பு, சிறிது கம்பி, துருப்பிடித்த ஆணி ஒன்று, உப்புத்தாள் ஒரு துண்டு ஆகியவை போதும். பல்பின் சுற்றில் ஆணியைச் சேர்த்து, கம்பியை அதன் துருவின்மேல் மெல்லத் தொடச் செய்க; பல்பு மங்கும் அல்லது எரியாது. ஆனால் பல்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 3 வோல்ட் அளவு காட்டக்கூடும். அதே ஆணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தொட்டால் பல்பு நன்கு ஒளிரும். செல் மாறவில்லை, பல்பு மாறவில்லை. இணைப்பு ஒன்றே மாறியது என்பதை மாணவரே கூறுவர்.

ஒரு மானி, ஒரு சோதனை பல்பு, ஓர் உப்புத்தாள் ஆகிய மூன்றும் வண்டியின் கருவிப்பெட்டியில் இருக்குமாயின், வழியில் நின்ற வண்டிகள் பல புதிய பாகம் எதுவும் வாங்காமலே வீடு சேரும். இவற்றைக் கொண்டு பழுதின் இடத்தைக் கண்டபின்னரே பாகத்தை மாற்ற முற்படுதல் வேண்டும்.