பொம்மை உடை அணிவோருக்கு ஒரு துணை வேண்டும்

2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாட்டின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய பொம்மை உடையணிந்து கடைத் திறப்பு விழாக்களில் ஆடுவோர் புழலில் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

தடித்த உடைக்குள் வியர்வை உலராது. ஆதலால் உடல் வெப்பம் தணியாமல் ஏறும். ஆடுமுன் நீர் அருந்த வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை நிழலில் பொம்மைத் தலையைக் கழற்றி இளைப்பாற வேண்டும். இதய நோய், நீரிழிவு, வலிப்பு உள்ளோர் முன்னரே மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும்.

வெப்பம் மிகுந்தால் அறிவு தடுமாறும். தம் நிலையைத் தாமே உணர இயலாது. ஆகவே, உடன் செல்பவரே ஆட்டத்தை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். பேச்சுக் குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்; உடையைக் கழற்றி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவருக்கு நீர் புகட்டாதீர்கள்.