நீரின் நிலையுரைக்கும் உயிருணரி

கொலன்னாவையில், மீதொட்டமுல்லவில் மலைபோற் குவிந்திருந்த குப்பை, 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று சரிந்து வீழ்ந்தது; 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது கண்ணுக்குத் தெரிந்த கேடு. குப்பையினூடே கசியும் மழைநீர், அழுகற் பொருளைக் கரைத்துக்கொண்டு நிலத்தினுள்ளும் வாய்க்கால்களினுள்ளும் இறங்குவதோ கண்ணுக்குப் புலப்படாத கேடு. அதனை அறிவது எவ்வாறு?

அழுகற் பொருளை உண்ணும் நுண்ணங்கிகள் நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவிடுகின்றன. அச்செலவே மாசின் அளவுகோல். ஆனால் வழக்கமான சோதனைக்கு 5 நாட்கள் வேண்டும். அதற்குள் மாசுற்ற நீர் நெடுந்தூரம் ஓடிவிடும் அன்றோ?

நீரிலுள்ள ஒட்சிசனை மின்னோட்டத்தால் அளக்கும் மின்வாயை அமெரிக்க அறிஞர் லீலண்ட் கிளார்க் 1956இல் வெளியிட்டார். 1962இல் அதன்மேல் குளுக்கோசைத் தாக்கும் நொதியத்தைச் சவ்வுகளிடையே அமைத்துக் குருதிச் சருக்கரையை அளக்க வழி காட்டினார். நீரிழிவு நோயாளர் விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் சோதிக்கும் இன்றைய சிறு கருவி அதன் வழித்தோன்றலே.

யப்பானிய அறிஞர் இசாவோ கருபேயும் அவர்தம் குழுவினரும் 1977இல், நொதியத்திற்குப் பதிலாக உயிருள்ள நுண்ணங்கிகளையே மின்வாயின்மீது பதித்தனர். மாசு மிகுந்தால் அவை மிகுதியாகச் சுவாசிக்கும், மின்வாயை அடையும் ஒட்சிசன் குறையும், மின்னோட்டமும் தாழும். 5 நாட் சோதனை ஒரு மணி நேரத்திற்குள் அடங்கியது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நீரில் நஞ்சு கலந்திருப்பின் நுண்ணங்கிகள் மடியும், சுவாசம் நிற்கும், கருவியோ நீர் தூயது என்பதுபோற் காட்டும். எனவே உயிருணரி முதலில் எச்சரிக்கும் காவலாளி மட்டுமே. இறுதித் தீர்ப்பு ஆய்வுகூடத்திற்கே உரியது.