முகம் படிக்கும் பிள்ளைகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாலா வாலா என்றோர் ஊர் உண்டு. வேறு பள்ளிகளில் நிலைக்க முடியாத பிள்ளைகள் வந்து சேரும் இடம் அங்குள்ள லிங்கன் உயர்நிலைப் பள்ளி. 2009–10 கல்வியாண்டில் சஸ்பெண்ட் ஆன மாணவர்கள் வீட்டில் கழித்த நாட்களை எல்லாம் கூட்டினால் 798 வந்தது. அடுத்த ஆண்டு அதே கூட்டல் 135.

இடையில் நடந்தது என்ன? அப்போதைய தலைமை ஆசிரியர் ஜிம் ஸ்போர்லிடர் கேட்கும் கேள்வி மாறியது. ஒரு மாணவன் ஆசிரியரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு அவர் முன் வந்து நிற்கிறான். பழைய வழக்கப்படி அந்த நிமிடமே சஸ்பெண்ட். அவரோ குரலை உயர்த்தாமல், உனக்கு என்னப்பா ஆயிற்று, உன் கோபம் பத்துக்கு எத்தனை என்று விசாரித்தார். சண்டைக்குத் தயாராக வந்தவன், சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்ப மீறும் தன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். தண்டனை ரத்தாகவில்லை. வீட்டுக்கு அனுப்பாமல், பள்ளிக்குள்ளேயே தனி அறையில் மேற்பார்வையோடு உட்கார வைத்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே போய், திட்டிய ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டான்.

கனிவான மனிதர் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி அந்தப் பையனின் மூளையில் செய்த வேலை கனிவைவிடச் சுவாரசியமானது.

நம் பொட்டுப் பகுதிகளுக்கு நேர் உள்ளே, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக அமிக்டலா என்ற சின்னஞ்சிறு நரம்புத் திரள் இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மூளையியலாளர் ஜோசப் லெடூ எலிகளை ஆராய்ந்து, ஒலி அங்கே போய்ச் சேர இரண்டு பாதைகள் இருப்பதைக் காட்டினார். ஒன்று, நிதானமாக அலசும் மூளைப்புறணி வழியாகச் சுற்றிப் போவது. மற்றது குறுக்கு வழி. அதில் செய்தி சேர 12 மில்லிநொடி போதும். ஒருமுறை கண் இமைக்கும் நேரத்தில் அது மிகச் சிறிய பங்குதான். கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று துள்ளுகிறோமே, அந்தத் துள்ளல் முதலில். கயிறுதான் என்ற தெளிவு பிறகு.

அபாய மணி அடித்துவிட்டால் இன்னொரு விந்தை நடக்கிறது. திட்டமிடுவது, நாக்கை அடக்குவது, பின்விளைவை எண்ணிப் பார்ப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்புறணியின் பொறுப்பு. கடும் அழுத்தத்தில் நார்அட்ரினலின், டோபமைன் என்ற வேதிப்பொருள்கள் அங்கே அளவுக்கு மீறிச் சுரந்து, நரம்பணுக்களின் இணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் காட்டியிருக்கிறார். “ஏன்டா இப்படிச் செய்தாய்?” என்று ஆசிரியர் உறுமும் அந்தக் கணத்தில், பதில் சொல்ல வேண்டிய பகுதி வேலையில் இல்லை. பையன் திமிராக முறைக்கிறான் என்று நமக்குத் தோன்றுகிறது. அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகவே 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும்; ஒரு பீரியடில் பாதிக்குமேல் ஓடிவிடும். அறிவுரையை அடுத்த பீரியடுக்குத் தள்ளிப்போடும் ஆசிரியர் உடலியலோடு ஒத்துப்போகிறார்.

சரி, சில பிள்ளைகளுக்கு மட்டும் இந்த மணி ஏன் சட்டென்று அடிக்கிறது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் செத் போலக் ஓர் அழகான சோதனை செய்தார். மங்கலான முகப்படம் ஒன்று படிப்படியாகத் தெளிவாகிக்கொண்டே வரும். என்ன உணர்ச்சி என்று குழந்தைகள் சொல்ல வேண்டும். வீட்டில் அடிபட்டு வளர்ந்த குழந்தைகள், படம் இன்னும் தெளியாத கட்டத்திலேயே, மற்றக் குழந்தைகளுக்கு முன்னதாகக் கோபத்தைக் கண்டுபிடித்தார்கள். இதைக் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் புருவம் லேசாக நெரிவதற்குள் தப்பியோடத் தெரிந்த பிள்ளை, தன் வீட்டுக்கு வேண்டிய திறமையைக் கச்சிதமாகக் கற்றிருக்கிறது. களைத்துப்போன ஆசிரியரின் முகத்திலும் அதே திறமை கோபத்தைப் படிப்பதுதான் சிக்கல். இப்படி உடல் மறக்க மறுக்கும் அச்ச அனுபவத்தைத்தான் உளக்காயம் என்கிறார்கள்.

இது எங்கோ சிலருக்கு நேர்வது அல்ல. 1995 முதல் 1997 வரை கலிபோர்னியாவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடி, பெற்றோர் பிரிவு என்று பத்து வகை. எட்டுப் பேரில் ஒருவருக்கு நாலு வகையோ அதற்கு மேலோ நேர்ந்திருந்தது. பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு உள்ள, வசதியான மக்கள் அவர்கள். அதே விகிதத்தில் பார்த்தால் 40 பேர் வகுப்பில் ஐந்து பிள்ளைகள்.

மணியைத் தணிக்கவும் ஒரு வழியை இயற்கை வைத்திருக்கிறது: பக்கத்தில் நம்பகமான ஒருவர். மினசோட்டாவில் மேகன் கன்னர் ஒன்பது மாதக் குழந்தைகளை அரை மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து, அறிமுகமில்லாத ஒருவரிடம் விட்டுப் பார்த்தார். அந்தப் புதியவர் ஒட்டாமல் இருந்தால் கார்ட்டிசால் ஏறியது; குழந்தையின் முகம் பார்த்துப் பேசி விளையாடினால் ஏறவில்லை. அந்நியர் என்பது தடையாகவே இல்லை! ஆசிரியர் தொழிலுக்கு இதைவிடப் பெரிய நல்ல செய்தி எனக்குத் தெரியவில்லை.

நம்பகம் என்பது இங்கே பாசப் பேச்சு அல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அமிக்டலாவுக்குப் பிடிக்கும். அதனால் தேர்ந்த ஆசிரியர்கள் நாளின் வரிசையைக் கரும்பலகையில் எழுதிவைக்கிறார்கள். மாற்றம் இருந்தால் முன்னதாகவே சொல்கிறார்கள். பிள்ளையின் பின்னால் வந்து நிற்காமல் பக்கவாட்டில் நின்று தணிந்த குரலில் பேசுகிறார்கள். கண்டிப்பதை நாற்பது பேர் முன்னால் செய்வதில்லை. விதி தளர்வதில்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே விதி. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வரவேற்பதுகூடப் பலன் தருகிறது. பத்து வகுப்புகளில் நடந்த, 2018-இல் வெளியான ஆய்வில், பிள்ளைகள் பாடத்தில் ஈடுபடும் நேரம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது. ஐந்து மணி நேரப் பள்ளி நாளில் அது முழுதாக ஒரு மணி நேரம்.

லிங்கன் பள்ளியின் கணக்கு ஒரே பள்ளியின் கணக்கு; ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பள்ளி அந்தக் கணக்கில் இல்லை. அதனால் 2016-இல் ஜேசன் ஒகோனோஃபுவாவும் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அவரது சகாக்களும் வெளியிட்ட சோதனையை நான் அதிகம் மதிக்கிறேன். கலிபோர்னியாவின் ஐந்து நடுநிலைப் பள்ளிகளில் 31 கணித ஆசிரியர்களை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கணினியில் மொத்தம் 70 நிமிடப் பயிற்சி. பிள்ளை ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்று அவன் பக்கமிருந்து யோசித்து, அதைத் தங்கள் சொற்களில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அவர்களிடம் படித்த பிள்ளைகளில் அந்த ஆண்டு சஸ்பெண்ட் ஆனவர்கள் 4.8 சதவீதம், மற்றப் பிரிவில் 9.6. முன்பே சஸ்பெண்ட் ஆகியிருந்த பிள்ளைகள், ஆசிரியர்கள் தங்களை மதிக்கிறார்கள் என்று கூடுதலாகச் சொன்னார்கள். பயிற்சி பெற்றது கணித ஆசிரியர் மட்டும். 4.8 என்ற எண்ணோ, எந்த ஆசிரியரின் வகுப்பில் தகராறு வந்திருந்தாலும் சேர்த்துக்கொண்டு, பள்ளி முழுவதற்குமாக எண்ணப்பட்டது.